சூரிய ஆட்டோவுக்கு எது ஆதாரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளியான அறிவியல் பயிற்சி வினா ஒன்றைப் பற்றியும், அந்த வினாவுக்கு அப்பால், சூரிய மின்சாரத்தில் ஓடும் வாகனங்களைக் குறித்து நாம் பொதுவாகப் பேசியும் எழுதியும் வரும் முறையைப் பற்றியும் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். வடசென்னைப் பள்ளிகளில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதைத் தவிர இதில் எனக்கு வேறு தகுதி இல்லை. எந்த வாகன நிறுவனத்தோடும் தொடர்பும் இல்லை, பகையும் இல்லை.

"சூரிய மின்சாரத்தில் ஓடும் வாகனங்கள் பெட்ரோல் வாகனங்களைவிட நகரத்தின் காற்றைக் குறைவாக மாசுபடுத்துகின்றன" என்ற முடிவைக் கொடுத்து, அதற்கு ஆதாரமாக அமையும் கூற்று எது என்று அந்த வினாவில் கேட்கப்பட்டிருந்தது. கொடுக்கப்பட்ட கூற்றுகள் நான்கு: சூரிய ஆற்றல் என்றும் தீராதது, பெட்ரோல் விலை உயர்ந்துகொண்டே வருகிறது, சூரிய வாகனங்களை மக்கள் பெரிதும் விரும்புகிறார்கள், மின்மோட்டாரில் ஓடும் வாகனத்துக்குப் புகைக்குழாய் கிடையாது. மறுநாள் வெளியான விடைக்குறிப்பில் முதல் கூற்றே சரியானது என்று அச்சாகியிருந்தது.

சூரிய ஆற்றல் தீராதது என்பது மனிதரின் கால அளவில் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூற்று உண்மையாக இருப்பது வேறு, அது குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு ஆதாரமாக இருப்பது வேறு. விறகும்கூட, வெட்டிய அளவுக்கு நட்டு வளர்த்துக்கொண்டே இருந்தால், தீராத எரிபொருள்தான். அதனால் விறகடுப்பின் புகை குறைந்துவிடுவதில்லை. எரிபொருள் தீருமா தீராதா என்பதற்கும், அதைப் பயன்படுத்தும்போது காற்றில் என்ன கலக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு என்று நம் வீடுகளில் சொல்வது இத்தகைய வாதத்தைத்தான். அந்த விடைக்குறிப்பைத் திருத்தி, ஏன் திருத்தப்பட்டது என்ற விளக்கத்தோடு வெளியிட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். விளக்கம் இல்லாமல் விடையை மட்டும் மாற்றினால், பிள்ளைகள் ஒரு மனப்பாடத்தை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்வார்களே தவிர வேறு பயன் விளையாது.

வகுப்பில் நான் சொல்லித்தந்த சோதனை எளியது. ஒரு செய்தியை ஆதாரம் என்று யாராவது முன்வைத்தால், "முடிவு பொய்யாக இருந்திருந்தாலும் இதே செய்தியைத்தான் கண்டிருப்போமா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கண்டிருப்போம் என்றால் அது ஆதாரமாகாது. சூரிய வாகனங்கள் பெட்ரோல் வாகனங்களைவிட அதிகமாகக் காற்றைக் கெடுப்பதாகவே வைத்துக்கொண்டாலும் சூரியன் நாளையும் உதிக்கத்தான் போகிறது, பெட்ரோல் விலை ஏறத்தான் போகிறது, விரும்புகிறவர்கள் விரும்பத்தான் போகிறார்கள். ஆகவே முதல் மூன்று கூற்றுகளும் இந்தச் சோதனையில் விழுந்துவிடுகின்றன.

நான்காவது கூற்று நிற்கிறது, ஆனால் ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. புகைக்குழாய் இல்லாத வாகனத்திலிருந்தும் டயர் தேய்ந்த துகளும் பிரேக் துகளும் சாலையிலிருந்து கிளம்பும் புழுதியும் காற்றில் கலக்கின்றன, பி.எம். 2.5 என்று நாம் இப்போது அளக்கும் நுண்துகளில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அதைவிட முக்கியமான கேள்வி, அந்த மோட்டாருக்கு வந்த மின்சாரம் முழுவதும் சூரியனிடமிருந்து வந்ததா என்பது. கூரையில் சூரிய மின்தகடு பொருத்திய வாகனம் இரவில் சுவரிலுள்ள பிளக்கில் செருகப்பட்டுச் சார்ஜ் ஆகிறது என்றால், அந்த மின்சாரத்தில் ஒரு பகுதிக்கான புகை வேறெங்கோ ஒரு புகைபோக்கியில் வெளியேறுகிறது.

அந்த "வேறெங்கோ" என்னும் இடம் மற்றவர்களுக்கு எப்படியோ, எங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களின் திறன் மட்டும் 1,830 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம். எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டாலும், நிலக்கரியோடும் சாம்பலோடும் வாழும் வாழ்க்கை இங்கே மூடப்படவில்லை. தமிழ்நாட்டின் மின்சாரத்தில் காற்றாலைகளுக்கும் அணுமின் நிலையங்களுக்கும் சூரியப் பூங்காக்களுக்கும் பங்கு உண்டு என்பதால், பிளக்கில் வரும் ஒவ்வொரு யூனிட்டையும் நிலக்கரியின் கணக்கில் எழுதுவதும் தவறுதான். ஆனால் "நகரத்தின் காற்று" என்று முடிவில் ஒரே சொற்றொடராகப் போட்டுவிடும்போது, தியாகராய நகரில் குறையும் புகையும் அத்திப்பட்டில் கூடும் புகையும் ஒன்றையொன்று சமன்செய்து மறைந்துபோகின்றன. எந்த இடத்துக் காற்று என்று முடிவு சொல்லவில்லையானால், எந்த இடத்தில் அளந்த எண்ணை அதற்கு ஆதாரமாகக் கொள்வது?

கரியமில வாயு வேறு கணக்கு. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்குப்படி நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு) சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. இந்த எண்களைக் கொண்டு புவி வெப்பமாதல் பற்றி ஒரு முடிவுக்கு வரலாமே தவிர, காலடிப்பேட்டையில் ஒரு குழந்தைக்கு வரும் இளைப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. செய்திகளில் இவ்விரண்டும் "மாசு" என்ற ஒரே பெயரில் கலந்து வருவதைப் பார்க்கிறேன்.

இனி, கூரைத்தகடு பொருத்திய வாகனம் உண்மையில் எவ்வளவு தூரத்தைச் சூரியனால் ஓடுகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். என் கருத்தில் முழு விவாதமும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. சூரிய வாகனங்களைப் பற்றிய செய்திகளில் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான்.

நண்பகலில் தெளிந்த வானத்தின் கீழ் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஒளியின் திறன் ஏறத்தாழ 1,000 வாட். கடைகளில் கிடைக்கும் நல்ல சிலிக்கான் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். சென்னையில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி ஆற்றல் சுமார் 5 யூனிட். ஆகவே காகிதக் கணக்கில் ஒரு சதுர மீட்டர் தகடு நாளொன்றுக்கு 1 யூனிட் தர வேண்டும். வெப்பம், புழுதி, கம்பிகளிலும் பேட்டரியிலும் ஏற்படும் இழப்பு ஆகியவற்றைக் கழித்தால் முக்கால் யூனிட் கையில் நிற்கலாம். ஆட்டோவின் கூரையில் இரண்டு சதுர மீட்டருக்கு மேல் தகடு பொருத்துவது கடினம். எனவே நாள் முழுவதும் திறந்த வெளியில் நின்ற மின் ஆட்டோவுக்குக் கூரையிலிருந்து கிடைப்பது ஒன்றரை யூனிட். நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 7 யூனிட் செலவாகும் வண்டி அதில் ஓடுவது 20 கி.மீ. நாளொன்றுக்கு 80 கி.மீ. ஓட்டினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ள ஓட்டுநருக்கு, சூரியன் தரும் பங்கு கால்வாசி. இது வெறும் கணக்கு, அளவீடு அல்ல. ஆனால் அளவீடு எதுவும் காட்டாமல் "சூரிய ஒளியிலேயே ஓடும் ஆட்டோ" என்று எழுதும் எவரும் முதலில் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதிலாக அவர்கள் பெரும்பாலும் காட்டுவது ஓட்டத்தைத்தான். "காலையில் புறப்பட்டது, மாலை வரை 80 கி.மீ. ஓடியது, வழியில் எங்கும் சார்ஜ் செய்யவில்லை" என்பார்கள். இங்கே என் சோதனையை வைத்துப் பாருங்கள். காலையில் நிரம்பிய பேட்டரியுடன் புறப்பட்ட மின் ஆட்டோவின் பேட்டரியில் 7 யூனிட் இருந்தால், கூரையில் தகடே இல்லாமல், ஏன், அமாவாசை இரவிலும், அது 80 கி.மீ. ஓடிவிடும். தகடு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் காணப்போவது ஒரே காட்சிதான் என்றால், அந்தக் காட்சி தகட்டைப் பற்றி எதையும் நிறுவவில்லை. நிறுவ வேண்டுமானால், புறப்படும்போதும் வந்து சேரும்போதும் பேட்டரியில் இருந்த அளவு சமமாக இருக்க வேண்டும். அல்லது தகட்டிலிருந்து பேட்டரிக்குள் போன யூனிட்டையும், பிளக்கிலிருந்து போன யூனிட்டையும் இரண்டு தனி மீட்டர்களில் அளந்து காட்ட வேண்டும். அதே வண்டியை, அதே தடத்தில், ஒருநாள் தகட்டைத் தார்ப்பாயால் மூடியும் மறுநாள் திறந்தும் ஓட்டி, மாலையில் பேட்டரியை நிரப்ப எத்தனை யூனிட் ஆயிற்று என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். பள்ளிக் கண்காட்சிக்கு வாகனம் செய்யும் வியாசர்பாடிப் பிள்ளைகளே செய்துவிடலாம். ஒரே ஒரு நாளோடு நிறுத்திவிடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மூடிய நாளில் நெரிசல் குறைவாகவும் திறந்த நாளில் அதிகமாகவும் இருந்துவிட்டால், தகட்டின் பயனையெல்லாம் மணிக்கூண்டு சிக்னலே விழுங்கிவிடும்.

ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஏறத்தாழ 3,000 கி.மீ. தூரத்துக்கு நடக்கும் உலக சூரிய வாகனப் போட்டியின் விதிகளை இந்த நோக்கில் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். 1987-இல் நடந்த முதல் போட்டியில் வென்ற ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சன்ரேசர் மணிக்குச் சராசரியாக 67 கி.மீ. வேகத்தில் ஓடியது, 2005-இல் வென்ற நெதர்லாந்து மாணவர்களின் நூனா வாகனம் மணிக்கு 103 கி.மீ. அளவைத் தொட்டது. வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, புறப்படும்போது பேட்டரியில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்படும் ஆற்றல். பயணத்துக்குத் தேவை என்று கணக்கிடப்படும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 யூனிட்தான் நெடுங்காலம் அந்த வரம்பாக இருந்தது. மிச்சமெல்லாம் வழியில் சூரியனிடமிருந்தோ வாகனத்தின் இயக்க ஆற்றலை மீட்டெடுத்தோ வர வேண்டும். அந்த வரம்பு இல்லாதிருந்தால், அடிலெய்டை அடைந்தது சூரியனாலா பேட்டரியாலா என்று எவராலும் சொல்ல முடியாது. போட்டியை ஆதாரமாக்குவது அந்த விதிதான்.

ஆனால் எதற்கு ஆதாரம்? எடை மிகக் குறைந்த, காற்றை ஊசிபோலக் கிழித்துச் செல்லும் வடிவமுள்ள, பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே படுத்தாற்போல் அமர்ந்து ஓட்டும் வாகனம், நெரிசலற்ற நெடுஞ்சாலையில், மேகமற்ற பாலைவெளியில், சூரிய ஒளியால் விரைந்து செல்ல முடியும் என்பதற்கு ஆதாரம். மூன்று பயணிகளையும் அவர்களது காசிமேட்டு மீன்கூடைகளையும் ஏற்றிக்கொண்டு, சில நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்பும் வண்டிக்கு அதைப் பொருத்த முடியாது. பொருத்திப் பேசுகிறவர்கள் பொய் சொல்வதில்லை; ஓரிடத்தில் கிடைத்த உண்மையை அதன் எல்லைக்கு வெளியே இழுத்துக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2017 ஜூலையில் டெல்லியில் ஓடத் தொடங்கிய, டீசலில் ஓடும் டெமு ரயிலின் பெட்டிகள் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. ஆறு பெட்டிகளின் கூரைகளில், பெட்டிக்கு 16 வீதம், ஒவ்வொன்றும் 300 வாட் திறனுள்ள தகடுகள் பொருத்தப்பட்டன. நாடெங்கும் அது "சூரிய ரயில்" என்று பேசப்பட்டது. கணக்கு என்ன சொல்கிறது? 16-ஐ 300-ஆல் பெருக்கி, ஆறு பெட்டிகளுக்குக் கூட்டினால் 28.8 கிலோவாட், அதுவும் உச்சி வெயிலில். அந்த ரயிலை இழுக்கும் டீசல் எஞ்சினின் திறன் 1,600 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 1,190 கிலோவாட். நாற்பதில் ஒரு பங்குக்கும் சூரியன் தேறாது. தகடுகள் பெட்டிகளின் விளக்குகளையும் மின்விசிறிகளையும் இயக்குவதற்காகவே பொருத்தப்பட்டன. ஓராண்டில் ஒரு ரயிலுக்கு 21,000 லிட்டர் டீசல் மிச்சமாகும் என்று ரயில்வே மதிப்பிட்டது. இது நல்ல திட்டம், பெருமைக்குரிய வேலை. எங்கள் பகுதித் தொழிலாளர்களின் கைபட்டது. ரயில்வே சொன்ன முடிவுக்கு ஆதாரம் இருந்தது. தலைப்புகள் சொன்ன முடிவுக்குத்தான் இல்லை.

2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 120 தாழ்தள மின்பேருந்துகள் ஓடத் தொடங்கியதையொட்டி, "இவற்றின் கூரையில் சோலார் போட்டுவிட்டால் மின்வாரியமே வேண்டாமே" என்று பலர் சொல்லக் கேட்டேன். 12 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள பேருந்தின் கூரை முழுவதையும், ஓரங்குலம் விடாமல், தகட்டால் மூடினாலும் பரப்பு 30 சதுர மீட்டர்தான். மேற்சொன்ன கணக்குப்படி நாளொன்றுக்கு 22 யூனிட். கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும் பேருந்து அதில் 20 கி.மீ. போகும். நாள்தோறும் 150, 200 கி.மீ. ஓட வேண்டிய பேருந்துக்கு அது முதல் நடைக்கே சரியாகிவிடும். அதே தகடுகளைப் பணிமனையின் கூரையில், தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து, நிழல் படாமல், வாரம் ஒருமுறை கழுவும் வசதியோடு வைத்தால் அவை கூடுதல் மின்சாரம் தரும்; பேருந்தும் அவற்றின் சுமையை நாளெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. தகட்டை வாகனத்தின் தலையில் வைப்பதா, கட்டடத்தின் தலையில் வைப்பதா என்ற விவாதத்தில் நான் கட்டடத்தின் பக்கம்.

எல்லா வாகனத்துக்கும் இப்படியே சொல்லிவிட முடியாது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் ஓடும் ஆதித்யா என்ற படகு 75 பேரை ஏற்றிச் செல்கிறது. அதன் கூரைத்தகடுகளின் திறன் 20 கிலோவாட். படகு அகலமானது, அதன் வேகம் குறைவு, தடம் குறுகியது, மேலே மரமோ பாலமோ இல்லை. பரப்பு அதிகமாகவும் தேவை குறைவாகவும் இருக்கும் இடத்தில் சூரியன் பெரும்பங்கைத் தாங்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆட்டோவும் பேருந்தும் ரயிலும் படகும் "சூரிய வாகனம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தாலும், ஒன்றின் வெற்றியை மற்றொன்றின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. "சென்னை வெயிலுக்கு என்ன குறை, கத்திரியில் மின்சாரம் கொட்டுமே" என்று கேட்பவர்கள் வெப்பத்தையும் ஒளியையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். தகட்டின் மேல் அச்சிடப்படும் திறன், அதன் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளக்கப்படுவது. மே மாத நண்பகலில் வாகனக் கூரையிலுள்ள தகடு 65 டிகிரியை எட்டுவது அரிதல்ல. ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறைவதால், 40 டிகிரி ஏறினால் 14 விழுக்காடு போய்விடுகிறது. வெயிலில் நம் உடல் கொதிப்பது, தகடு கூடுதல் மின்சாரம் தரும் என்பதற்கு ஆதாரம் ஆகாது. இதோடு எங்கள் பகுதிக்கே உரிய இரண்டு இடையூறுகள் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் இரவும் பகலும் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும், மணலிப் பக்கத்திலிருந்து வந்து மொட்டைமாடியில் காயும் துணியைக் கருக்கும் கரியும் தகட்டின் மேலும் படியத்தானே செய்யும்? எந்த அளவுக்கு இழப்பு என்பதை இரண்டு தகடுகளை அருகருகே வைத்து, ஒன்றை நாள்தோறும் துடைத்தும் மற்றொன்றைத் துடைக்காமலும் விட்டு அளந்துவிடலாம். அடுத்தது நிழல். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியிலிருந்து தேரடி வரை மெட்ரோ பாலத்தின் அடியில் ஓடும் ஆட்டோ பாதித் தூரம் நிழலில்தான் போகிறது. தகட்டின் செல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழல் அந்த மூலையின் மின்சாரத்தை மட்டும் அல்லாமல் அந்தத் தொடர் முழுவதன் மின்சாரத்தையும் குறைத்துவிடும். திறந்த மைதானத்தில் சோதித்துச் சொல்லும் எண் இந்தத் தடத்துக்கு எப்படிப் பொருந்தும்? அது போலவே, பங்குனியில் எடுத்த அளவை ஐப்பசி அடைமழைக்கும் சேர்த்து ஆண்டுக் கணக்காக்கிவிடவும் கூடாது.

நிறுவனங்கள் அறிவிக்கும் எண்கள் பெரும்பாலும் இந்த நிபந்தனைகளோடுதான் வருகின்றன. செய்தியாகும்போது நிபந்தனை உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சுகிறது. ஹூண்டாய் தன் சொனாட்டா ஹைபிரிட் காரின் கூரைத்தகடு ஆண்டுக்கு 1,300 கி.மீ. கூடுதல் ஓட்டம் தரும் என்று சொன்னபோது, நாள்தோறும் 6 மணி நேரம் சூரிய ஒளியில் சார்ஜ் ஆனால் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் நிறுத்தப்படும் காருக்கு அந்த எண் பூஜ்யம். ஆகவே அறிவிப்பு என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய கூற்று, சோதனையின் முடிவு அல்ல.

எதிர்த்தரப்பு வாதங்களும் இதே தவற்றைச் செய்வதால் அவற்றையும் விட்டுவைக்க மனமில்லை. நெதர்லாந்தின் லைட்இயர் நிறுவனம் 5 சதுர மீட்டர் தகடுகளுடன் செய்த கார், நல்ல வெயில் நாளில் 70 கி.மீ. வரை சூரியனாலேயே ஓடும் என்றது. 2023 ஜனவரியில் உற்பத்தி நின்று, அதன் உற்பத்தி நிறுவனம் திவாலானது. அடுத்த மாதமே ஜெர்மனியின் சோனோ மோட்டார்ஸ் தன் சூரியக் கார் திட்டத்தைக் கைவிட்டது. "பார்த்தீர்களா, சூரியக் கார் நடக்காத காரியம்" என்று உடனே முடிவுகட்டியவர்கள் உண்டு. இரண்டரை லட்சம் யூரோ விலையுள்ள காரை வாங்க ஆள் குறைவு என்பதற்கு அது ஆதாரம். தகடு மின்சாரம் தரவில்லை என்பதற்கு அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 70 கி.மீ. இயற்பியலுக்கு முரணான எண்ணும் அல்ல, ஏனெனில் அந்தக் கார் 100 கி.மீ.க்குச் சுமார் 10 யூனிட் மட்டுமே செலவழிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. நிறுவனம் மூழ்கியதால் இயற்பியல் விதியும் மூழ்கியது என்பது, நிறுவனம் கொழித்தால் விதியும் மெய்யாகும் என்பதைப் போன்ற வாதம்தான்.

இவ்வளவும் ஏதோ ஏட்டுச் சண்டை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என்னிடம் படித்த பலர் இன்று மின்ட் நிறுத்தத்திலும் மூலக்கொத்தளத்திலும் ஆட்டோ ஓட்டுகிறார்கள். "சார், சோலார் ஆட்டோ வாங்கினால் நாளைக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் மிச்சமாம், கடன் போடலாமா?" என்று அவர்கள் கேட்கும்போது, அந்த இருநூறு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. லிட்டருக்கு 30 கி.மீ. தரும் பெட்ரோல் ஆட்டோவை நாளொன்றுக்கு 80 கி.மீ. ஓட்டினால், லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில், செலவு ஏறத்தாழ 267 ரூபாய். (எரிவாயுவில் ஓட்டுபவர்களுக்கு இது குறையும்.) தகடே இல்லாத மின் ஆட்டோவுக்கு அதே தூரத்துக்கு, சார்ஜரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஆறரை யூனிட் ஆகும், யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60 ரூபாய்க்கு உட்பட்ட செலவு. ஆக, 200 ரூபாய்க்கு மேல் வரும் மிச்சம் பெட்ரோலை விட்டு மின்சாரத்துக்கு மாறியதால் வந்தது. கூரைத்தகடு அதற்கு மேல் சேர்ப்பது, வண்டி நாளெல்லாம் வெயிலில் நின்றால், சுமார் 15 ரூபாய்.

விற்பனைப் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, மொத்தமும் "சோலார்" என்ற பெயரில் வாங்குபவர் முன் வைக்கப்படுகிறது. பெட்ரோல் ஆட்டோவோடு ஒப்பிட்டுக் காட்டும் எந்தக் கணக்கும் தகட்டுக்கு ஆதாரமாகாது. தகடு உள்ள மின் ஆட்டோவையும், தகடு இல்லாத அதே மின் ஆட்டோவையும் ஒப்பிட்டுக் காட்டுவது மட்டுமே ஆதாரமாகும். தகட்டுக்கெனக் கூடுதல் விலை 20,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுபவருக்கு அந்தப் பணம் திரும்ப நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். கடனுக்கு வட்டி கட்டுபவருக்கு இன்னும் கூடும். இது கட்டுபடியாகும் என்று நினைப்பவர்கள் இருக்கலாம், அது அவரவர் வசதி. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், இதே போன்ற வண்டி ஒன்றில், இதே தடத்தில், தகட்டுக்கெனத் தனி மீட்டர் வைத்து மழைக்காலத்தில் ஒரு மாதமும் வெயில்காலத்தில் ஒரு மாதமும் எடுத்த கணக்கைக் காட்டும்படி விற்பவரைக் கேட்கலாம். அதைக் காட்ட முடியாதவரிடம், தகடு இல்லாத வண்டி என்ன விலை என்று விசாரிக்கும்படியே நான் அவர்களுக்குச் சொல்லி வருகிறேன். சூரிய வாகனங்களைப் பற்றி எழுதும் தங்கள் செய்தியாளர்களும் அந்த மீட்டர் கணக்கைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.